மஞ்ச லைட்டு வர்றப்ப நிமிரு

சூடேறிய கலர்க் காகிதத்துக்கு ஒரு வாசனை உண்டு. பாதி கருகிய பிளாஸ்டிக், பாதி மிட்டாய்க் கடை. பெரிய விளக்கு ஒன்றின் முன்னால் சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று கண்ணாடித்தாள் ஒட்டிய தகரச் சக்கரத்தைச் சுற்றவிட்டால் சற்று நேரத்தில் அந்த வாசனை கிளம்பிவிடும். பிள்ளைப் பருவத்து வாசனை என்று மற்ற எழுத்தாளர்களுக்கு மழை நனைத்த மண், தாழம்பூ என்று கௌரவமாக ஏதாவது வாய்த்திருக்கிறது. எனக்கு வாய்த்தது இது. இன்றைக்கும் எங்காவது கல்யாண மண்டபத்தில் இந்த வாசனை மூக்கில் பட்டால் என் உள்ளங்கை வியர்த்துவிடும்.

அப்பா கொல்லிமலையில் மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர். ராசிபுரத்திலிருந்து மாற்றலாகி மேலே வந்தவர். கீழ்நாட்டு உத்தியோகஸ்தர்கள் மலைக்கு மாற்றல் என்றாலே யாரோ தங்களைப் பற்றி மேலதிகாரிக்கு எழுதிப் போட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டு, வந்த நாளிலிருந்தே இறங்கிப் போகிற வழியைப் பார்ப்பார்கள். அப்பாவுக்கோ மலை பிடித்துப்போய்விட்டது. அவரைத் தேடி வருகிறவர்களில் பாதிப்பேர் பேசாதவர்கள் என்பது அதற்குக் காரணமாக இருக்கலாம்.

ஆஸ்பத்திரி வேலைக்கென்று அவரிடம் நீளமான ஒரு "பேட்டரி லைட்டு" இருந்தது. டார்ச் என்று நாங்கள் சொன்னதில்லை. பொழுது சாய்ந்த பிறகு எங்காவது மாடு கன்று ஈன முடியாமல் தவிக்கிறது என்று ஆள் வந்தால், அப்பா மருந்துப் பெட்டியை எடுப்பார். என் அக்கா வசந்தா அந்த லைட்டை எடுப்பாள். வெளிச்சம் பிடிப்பது அக்காவின் வேலை. "அடிக்கிறத நேரா அடி, ஆட்டாம புடி" என்பது அப்பா அவளுக்குச் சொன்ன ஒரே பாடம். ஒரு தடவை அக்காவுக்குக் காய்ச்சல் என்று என்னைக் கூட்டிப்போனார். என் கையிலிருந்த வெளிச்சம் மாட்டின் மேலும் கூரையின் மேலும் அப்பாவின் முதுகின் மேலுமாகப் பறந்து திரிந்தது. மாடே திரும்பி என்னை ஒரு மாதிரி பார்த்தது. அதன் பிறகு என்னை அழைக்கவில்லை. கை நடுக்கம் எனக்குப் பிறவிக் குணம். இப்போது எழுதிப் பிழைக்கிறேன் என்பதால் அதற்கு நடை என்று பெயர் வந்திருக்கிறது.

அக்கா கறுப்பு. நான் அவளைவிட ஒரு படி கூட. இதை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் குளியலறை முதல் கடைவீதி வரை அம்மா செய்த ஒவ்வொரு காரியமும் அதைப் பற்றித்தான் இருந்தது. கடலைமாவு, பாலாடை, வெயில் நேரத்தில் வெளியே போகாதே என்ற உத்தரவு, அப்புறம் பவுடர். பெண் பார்க்க வந்தவர்கள் கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டு, மலைக் காற்றைப் புகழ்ந்து, மிளகு விலை கேட்டு, "ஊட்டுக்குப் போயி கலந்துக்கிட்டுச் சொல்றமுங்க" என்று பஸ் ஏறிப்போவார்கள். அத்தனை கொண்டை ஊசி வளைவுகளிலும் உருண்டு இறங்குவதற்குள் அந்தப் பதில் எங்கோ விழுந்துவிடும் போலிருக்கிறது. எங்களுக்கு வந்து சேர்ந்ததில்லை. எனக்கு அப்போது பதினோரு வயது இருக்கும். ஒவ்வொரு தடவையும் கதவு இடுக்கில் நின்று பார்ப்பேன். அக்காவுக்கு நடப்பதெல்லாம் எனக்கு நடக்கப்போவதன் முன்னோட்டம் என்று எனக்குப் புரிந்திருந்தது.

இத்தனைக்கும் மேலே ராசிபுரத்து மாமா இருந்தார். அம்மாவின் கடைசித் தம்பி. லாரி ஆபீஸ் வைத்திருந்தார். முதல் மனைவி தவறிப்போயிருந்தாள். அக்காவைத் தூக்கி வளர்த்தவர். "ஒண்ணும் அமையலீன்னா நான் இருக்கறனல்லோ, அக்கா" என்று அவர் அம்மாவிடம் சொல்லும் தொனியில் ஒரு தர்மகர்த்தாவின் பெருந்தன்மை இருக்கும். இந்த ஆடி தாண்டி இன்னொரு இடம் பார்ப்பதில்லை, மாமாவுக்கே கொடுத்துவிடுவது என்று அம்மா முடிவு செய்திருந்தாள். மாமா வந்துவிட்டுப் போன நாட்களில் அக்கா சாப்பிட உட்காராமல், சமையற்கட்டில் நின்றபடியே ஏதோ இரண்டு வாய் விழுங்குவாள். ராத்திரி பக்கத்தில் படுத்திருக்கும் எனக்கு அந்தப் பசியின் சத்தம் கேட்கும்.

அந்த ஆடியில்தான் ஆற்றோரத்துப் பழைய சிவன் கோயிலுக்கு முதன்முதலாக வண்ண விளக்குப் போட்டார்கள். ஆடி நோம்பித் திருவிழாவை ஒட்டி, வெளியூர்க்காரர்களைச் சாயங்காலம் பஸ்ஸில் அழைத்துவந்து, ஒரு தமிழ் வாத்தியார் கையில் மைக்கைக் கொடுத்து, கோயிலைச் சுற்றிக் காட்டச் சொல்லியிருந்தார்கள். செய்தி கேட்டதும் அம்மாவின் கண்ணில் நான் அதுவரை பார்க்காத ஒரு வெளிச்சம். இதே சமயத்தில் துறையூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. பையன் சொசைட்டியில் கிளார்க். அவர்களுக்கு அம்மா சொல்லியனுப்பினாள்: ஊட்டுக்கு வர வேண்டாமுங்க, விளக்குப் போடற அன்னிக்குச் சாயங்காலமாக் கோயிலுக்கு வாங்க, அங்கியே பார்த்துக்கலாம்.

கோயிலில் பெண் பார்ப்பது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. இரண்டு வீட்டாரும் தற்செயலாக வந்த மாதிரி வந்து, தற்செயலாக ஒரே தூணருகே நின்று, தற்செயலாக நாலு வார்த்தை பேசிப் பிரிவார்கள். பிடிக்காவிட்டால் யாரும் யாரையும் வேண்டாம் என்று சொன்னதாக ஆகாது, பாருங்கள். அம்மா அதில் சேர்த்தது இருட்டையும் கலர் விளக்கையும்தான். துறையூர்க்காரர்கள் உடனே சம்மதித்தார்கள். அவ்வளவு உடனே ஏன் சம்மதித்தார்கள் என்று அன்றைக்கு யாருக்கும் யோசிக்கத் தோன்றவில்லை.

பக்கத்துக் காட்டுக்கார நல்லம்மாவுக்கு மட்டும் இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. மரவள்ளியும் சாமையும் போட்டிருந்த மலைக்காரி. எங்கள் அம்மாவுக்கு இருந்த ஒரே சிநேகிதி. "ஏனுங்க கம்பவுண்டரம்மா, நாங்க ஒரு மாடு வாங்கறதுன்னாக்கூட வெயில்ல நாலு எட்டு நடக்க வுட்டுப் பார்ப்போமுங்க. நீங்க பொண்ண இருட்டுல காட்டறீங்களே?" என்றாள்.

"அதுக்குத்தான் இருட்டுல காட்டறது. நீ சும்மா இரு நல்லம்மா" என்றாள் அம்மா.

விளக்குப் போடுகிற நாள் வந்தது. அம்மா எல்லோருக்கும் வேலை பிரித்துக் கொடுத்தாள். அப்பாவின் வேலை பேசாமல் இருப்பது. அக்காவின் வேலை தலைகுனிந்து நிற்பது, ஆனால் "மஞ்ச லைட்டு வர்றப்ப நிமிரு. பச்சையிலயும் நீலத்துலயும் குனிஞ்சுக்க". திரும்பி வருகிற வழி இருட்டு என்பதால் பேட்டரி லைட்டைக் கொண்டுபோக வேண்டியிருந்தது, அதை என்னிடம் கொடுத்து, என் தாடையைப் பிடித்துத் தூக்கி, "என்ன ஆனாலும் கோயில்ல இத அமுக்கப்படாது, தெரியுதா கண்ணு? அக்கா பக்கமே திருப்பப்படாது" என்றாள். பரீட்சைக்குப் போகிறவள் மாதிரி தலையாட்டினேன். வழி முழுக்க அது தானாக எரிந்துவிடுமோ என்று இரண்டு கையாலும் அதன் வாயைப் பொத்திக்கொண்டே நடந்தேன்.

கோயிலில் நல்ல கூட்டம். மலையின் ஊர்த்தொகுதிகளான ஆலத்தூர் நாட்டிலிருந்தும் பெரக்கரை நாட்டிலிருந்தும் சனம் நடந்தே வந்து ஆற்றங்கரையில் குந்தியிருந்தது. எத்தனையோ தலைமுறையாக எண்ணெய் விளக்கைத் தவிர வேறெதையும் அறியாத கருங்கல் கோபுரத்தின் மேல் சட்டென்று சிவப்பு விழுந்தது. எல்லோரும் "ஓ" என்றார்கள். பிறகு பச்சை. பிறகு நீலம். காலில்லாத ஒரு யாளி நிறம் மாறும்போதெல்லாம் வெவ்வேறு ஆளை முறைப்பது போலிருந்தது. அது கடைசியில் என்னைத்தான் முறைத்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

துறையூர்க்காரர்கள் இரண்டே பேர்: பையனும் அவன் அம்மாவும். அந்த அம்மாள் பஸ்ஸில் வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்து, முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு, எதையும் விட்டுக்கொடுக்காத தோரணையில் நின்றிருந்தார். பையன் குரங்குக் குல்லா போட்டிருந்தான். கண்ணும் மூக்கும் மட்டும் தெரிந்தது. ஆடிக் காற்றில் மலையில் குல்லா போடுவது அதிசயமில்லை. நாங்கள் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

"அட, நீங்களும் கோயிலுக்குங்களா?" என்றாள் அம்மா.

"ஆமாங்க, சும்மா அப்படியே வந்தோமுங்க" என்றார் அந்த அம்மாள், பக்கத்து ஊரிலிருந்து காற்று வாங்க வந்தவர் மாதிரி.

மைக் வாத்தியார் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு கோயிலைச் சுற்ற, நாங்களும் அவர் பின்னால் தற்செயலாகச் சுற்றினோம். அவர் கல்வெட்டைப் படித்தார். யார் எவ்வளவு நிலம் கொடுத்தார்கள், யார் விளக்கெரிக்க எத்தனை ஆடு கொடுத்தார்கள் என்றார். ஆடு என்றதும் அப்பா தன் வேலையை மறந்து, "எந்த ரக ஆடுங்க?" என்று கேட்டார். அம்மா அவர் காலை மிதித்தாள். அக்கா சிவப்பானாள், பச்சையானாள், நீலமானாள். மஞ்சள் வரும்போதெல்லாம் அம்மா தொண்டையைச் செருமினாள், அக்கா நிமிர்ந்தாள். ஆனால் அந்தச் சக்கரத்தைச் சுற்றிய ஆளுக்கு எங்கள் அவசரம் தெரியாதல்லவா? மஞ்சள் வந்த வேகத்தில் போய்விடும். அக்கா நிமிரும்போது பச்சை வந்து உட்கார்ந்திருக்கும்.

"கண்ணு, இந்தக் கலருல ஒண்ணும் வெளங்கலியே. அந்த டியூப்லைட்டுப் பக்கமா வா சாமி" என்றார் அந்த அம்மாள். செருப்பு விடுகிற இடத்தில் ஒரு டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. எங்கள் திட்டத்தில் அது ஒன்றுதான் ஓட்டை.

"அங்க ஒரே பூச்சிங்க. மூஞ்சியில வந்து அடிக்குது" என்று அம்மா குறுக்கே நின்றாள்.

"பூச்சி கெடக்குதுங்க. ஒரு நிமிசம்."

"பொண்ணுக்குப் பூச்சின்னா பயமுங்க."

மாட்டுக் கொட்டகையில் முழங்கால் சாணியில் நின்று வெளிச்சம் பிடிக்கிற அக்கா, பூச்சிக்குப் பயந்தவளாகத் தலைகுனிந்தாள். அந்த அம்மாள் அக்காவின் கையைப் பிடித்துவிட்டார். ஒரு கையை அவர் இழுக்க, இன்னொரு கையை அம்மா விடாதிருக்க, இரண்டு பேரும் சிரித்த முகம் மாறாமல் அக்காவை நடுவில் வைத்து நின்றார்கள். நல்லம்மா வெற்றிலையை மென்றபடி என் காதில், "குல்லாக்காரரு சாமி கும்புடக்கூட உள்ளாற வரல, பார்த்தியா? சளியாம்" என்றாள். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. டியூப்லைட்டுக்கும் அக்காவுக்கும் இடையே குறைந்துகொண்டே வந்த தூரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வெள்ளை வெளிச்சத்தின் மறுபக்கத்தில், என் மனக்கண்ணில், ராசிபுரத்து மாமா நின்றுகொண்டிருந்தார்.

அப்போது கரண்ட் போனது.

ஆடிக் காற்றில் மலையில் கரண்ட் போகும், அதுவும் அதிசயமில்லை. ஆனால் அந்த இருட்டு வந்து விழுந்த விதம் இருக்கிறதே, கோயிலே காணாமல்போய்விட்டது. ஆற்றுச் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது. கருகிய காகித வாசனை. என் மணிக்கட்டில் அம்மாவின் விரல்கள் வந்து இறுகின: அமுக்காதே என்று அர்த்தம்.

"ஆருகிட்டயாச்சும் பேட்டரி லைட்டு இருக்குதுங்களா?" என்று அந்த அம்மாளின் குரல்.

"எங்க சின்னதுகிட்ட இருக்குதுங்களே!" என்றார் அப்பா, உதவ ஒரு வாய்ப்புக் கிடைத்த சந்தோஷத்தில்.

அம்மாவின் நகம் என் தோலில் இறங்கியது. எல்லோரும் காத்திருந்தார்கள். அமுக்கினால் அக்கா போனாள். அமுக்காவிட்டால் அந்த அம்மாள் என்ன நினைப்பார்? அப்போது பக்கத்தில் அக்காவின் குரல், மாட்டுக் கொட்டகையில் பேசுவது போல அடங்கி, நிதானமாக:

"கண்ணு, எம் மூஞ்சியில அடி."

"அக்கா, அம்மா வேண்டாம்னு..."

"நேரா அடி. ஆட்டாம புடி."

ஆட்டாமல் பிடித்தேன் என்று எழுத ஆசைதான். வெளிச்சம் முதலில் நந்தியின் பின்புறத்தில் விழுந்தது; பிறகு மைக் வாத்தியாரின் வேட்டியில்; பிறகுதான் அக்காவைக் கண்டுபிடித்தது. இன்னொரு கையையும் கொடுத்து லைட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தேன். அக்கா முந்தானையை எடுத்து நெற்றியிலிருந்து தாடை வரை அழுத்தித் துடைத்தாள். பவுடர் திட்டுத் திட்டாக விலகி, எங்கள் அக்கா வந்தாள்.

"நல்லாப் பார்த்துக்குங்கம்மா. பகல்லயும் இதே நெறந்தானுங்க" என்றாள். அவள் குரலில் கோபமில்லை. சமையற்கட்டில் உப்பு எங்கே இருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னாள். அப்புறம் என்னிடம், "இப்ப அவுங்க பக்கம் திருப்பு."

திருப்பினேன். குல்லாவுக்குள் இரண்டு கண்கள் கூசி மூடின.

"சளியோட குல்லாயைக் கழட்டச் சொன்னா தப்புங்க. ஆனா நானும் பார்க்கோணுமல்லங்க?" என்றாள் அக்கா.

"அவனுக்குச் சேராதுங்க! காத்துப் பட்டா..." என்று அந்த அம்மாள் ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் பையன் கையைத் தூக்கிக் குல்லாவைக் கழற்றினான். உள்ளே தலை மட்டும் இருந்தது. முடி, காதோரம் காவலுக்கு நிற்பது போல, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். வெளிச்சம் அதில் பட்டு என் கண்ணுக்கே திரும்பி வந்தது. சளி இருந்ததற்கான அடையாளம் ஏதும் இல்லை.

முதலில் சிரித்தது நல்லம்மா. சரியாக அந்த நேரத்தில் கரண்ட் வந்தது. சக்கரம் நின்ற இடத்திலிருந்தே கிளம்ப, மாப்பிள்ளையின் தலை பளிச்சென்று பச்சையானது.

"சரிங்க, வாரமுங்க" என்றார் அந்த அம்மாள், யாரையும் பார்க்காமல். "வாங்க" என்றாள் அம்மா, கோபுரத்தைப் பார்த்தபடி. தற்செயலாக வந்தவர்கள் தற்செயலாகப் பிரிந்தோம்.

வீடு வரைக்கும் அம்மா எங்களுக்கு முன்னால் வேகமாக நடந்தாள். உள்ளே நுழைந்ததும் ஒரே ஒரு வாக்கியம்: "தம்பிய வரச் சொல்லோணும்." அப்பா, சற்று யோசித்து, என்னிடம் மெதுவாக, "கடைசியில ஆட்டாமத்தான் புடிச்சே" என்றார். அந்த வீட்டில் அன்றைக்கு ஒரு ஆண்மகனால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான்.

அதற்கப்புறம் வந்த நாட்களில் எனக்கு வேறு வேலையில்லை. ஒவ்வொரு பஸ் ஹாரனுக்கும் ஓடிப்போய் ரோட்டைப் பார்ப்பேன். துறையூரிலிருந்து ஒன்றும் வரவில்லை. ராசிபுரத்து மாமாதான் வந்தார், ஒரு தார் வாழைப்பழத்தோடு. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, அக்காவிடம் "மாமனுக்குக் கொஞ்சம் தண்ணி கொண்டா சாமி" என்றார். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கேட்ட அதே குரலில். ஆவணி பிறந்ததும் பேசி முடித்துவிடலாம் என்று அம்மா சொல்ல, அவர் எங்கள் மலைப் பலாவைச் சுளை சுளையாக விழுங்கியபடி தலையாட்டினார். அக்கா சமையற்கட்டில் நின்றுகொண்டிருந்தாள்.

நடுமத்தியானம். மரவள்ளிக் காட்டிலிருந்து நல்லம்மாவின் கத்தல்: "கம்பவுண்டரம்மோவ்! குல்லாக்காரரு வாராருங்கோ, குல்லா இல்லாம!"

உச்சி வெயிலில், வெறுந்தலையோடு, ரோட்டிலிருந்து வரப்பில் இறங்கி, நாலு பக்கமும் மரவள்ளிக் குச்சிகளுக்கு நடுவே அவர் நடந்து வந்தார். வாங்கப்போகிற மாட்டை நடக்கவிட்டுப் பார்ப்பது போல நல்லம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு கால் முதல் தலை வரை பார்த்தாள். அவர் வாசலுக்கு வெளியே, நிழலுக்குள் வராமல் நின்றார்.

"அம்மாவுக்கு இன்னும் கோவந்தானுங்க. சரியாப் போயிருமுங்க" என்று தொடங்கி, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "குல்லாயி அம்மா யோசனைங்க, ஆனா போட்டுக்கிட்டது நாந்தானுங்க. அதான், பகல்ல ஒருக்கா வந்து நின்னுட்டுப் போலாம்னு... அவங்க நல்லாப் பார்த்துட்டுச் சொல்லட்டுங்க."

மாமாவின் கையில் பலாச்சுளை அப்படியே நின்றது. அக்கா ஒரு சொம்புத் தண்ணீரோடு மாமாவைக் கடந்து, வாசற்படி தாண்டி, பவுடர் இல்லாத முகத்தோடு வெயிலில் இறங்கி நின்றாள். நன்றாகவே பார்த்தாள், ஒன்றும் அவசரமில்லை என்பது போல.

"தலை சுடுமல்லங்க, உள்ள வாங்க" என்றாள்.

எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம் நிச்சயமான விதம் இதுதான். ராசிபுரத்து மாமா பெரிய மனது பண்ணித் தன் லாரியிலேயே சீர் கொண்டுபோய் இறக்கினார். என் முறை வந்தபோது என்னைப் பகலிலேயே பார்க்க வந்தார்கள்; மாப்பிள்ளை மூக்குக் கண்ணாடியை மறந்து வைத்துவிட்டு வந்திருந்தார். கண்ணாடி மாட்டிய பிறகும் அவர் ஒன்றும் புகார் சொன்னதில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

போன மாதம் அக்கா, மச்சான், நான் என்று மூன்று பேருமாக மறுபடி அந்தக் கோயிலுக்குப் போனோம். மாலைச் சுற்றுலா இப்போது முறையாக நடக்கிறது. தகரச் சக்கரம் இல்லை. தரைக்குள் புதைத்த விளக்குகள் சத்தமும் வாசனையும் இல்லாமல் நிறம் மாறுகின்றன. மைக் வாத்தியாரின் இடத்தில் காதில் மாட்டும் கருவி. அப்பாவும் அம்மாவும் இல்லை. நல்லம்மாவின் காட்டில் விடுதி வந்துவிட்டது. பேட்டரி லைட்டுக்குள் பேட்டரிக் கட்டை பொங்கி வழிந்து, திருகவே முடியாமல் என் அலமாரியில் கிடக்கிறது. கரண்ட் போகுமென்று நான் ரகசியமாகக் காத்திருந்தேன், போகவில்லை. போனால் ஜெனரேட்டர் இருக்கிறதாம்.

யாளிக்குப் பக்கத்தில் அக்காவையும் மச்சானையும் நிற்கவைத்துச் செல்போனில் ஒரு படம் எடுத்தேன். என் மகள் போன தடவை வந்தபோது அதில் என்னத்தைத் தட்டிவிட்டுப் போனாளோ, அது தானாகவே எல்லோர் முகத்தையும் வெளுத்து, வழித்துக் கொடுத்தது. மச்சானின் தலையைக்கூடப் பளபளப்பில்லாமல் மாவு பூசியது போலாக்கியிருந்தது. அக்கா என் தோளுக்கு மேலாக எட்டி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அந்தப் படத்தை வெகு நேரம் பார்த்தாள்.

"யாருடி இது?" என்றாள்.

"நீதான் அக்கா."

மச்சான் குளிருக்குப் போட்டிருந்த குல்லாவை எப்போதோ கழற்றிப் பையில் வைத்துவிட்டிருந்தார். கோபுரம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. அக்கா நகர்ந்து போய் வெளிச்சம் விழாத தூணருகே நின்று, கணவரின் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"அந்தக் கருமத்தை நிறுத்திட்டு, போன்ல லைட்டப் போடு கண்ணு" என்றாள். "நேரா அடி. ஆட்டாம புடி."